செம்பனைத் தோட்டத்தில் சிவப்பு நாடாக் குச்சிகள்: கனிம ஆய்வின் படிநிலைகளை ஊரார் அறிந்துகொள்ளும் வழி

பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில், செம்பனை வரிசைகளுக்கு நடுவே சிவப்பு நாடா கட்டிய குச்சிகள் நடப்பட்டால், அன்று மாலைக்குள் கோயில் வாசலில் இரண்டு செய்திகள் உலவத் தொடங்கிவிடும். இங்கே தங்கம் கிடைத்துவிட்டது என்பது ஒன்று. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயத்தைக் காலி செய்யச் சொல்லப் போகிறார்கள் என்பது மற்றொன்று. பெரும்பாலும் இரண்டுமே உண்மையாக இருப்பதில்லை. இளம் வயதில் ஆய்வுக் குழுக்களோடு மண் மூட்டை சுமந்து பேராக் காடுகளில் நடந்தவன் என்ற முறையில், அந்தக் குச்சிகள் எதைக் குறிக்கின்றன, அதற்குப் பிறகு என்னென்ன நடக்கும், எந்தக் கட்டத்தில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை வரிசைப்படி எழுதிவைக்க விரும்புகிறேன். குச்சி நடுவதற்கும் சுரங்கம் திறப்பதற்கும் இடையில் பல ஆண்டுகள் இருக்கின்றன. ஊராரின் சொல்லுக்கு எடை இருப்பது அந்த ஆண்டுகளில்தான். சுரங்கக் குத்தகை கையெழுத்தான பிறகு சொல்வதெல்லாம் புகாராக மட்டுமே கருதப்படும்.

காலடியில் இருப்பது என்ன

நம் ஊருக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் தித்திவாங்சா மலைத்தொடர், சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருகி இறுகிய கருங்கல்லால் ஆனது. அந்தக் கருங்கல் இறுகியபோது கடைசியாக வெளியேறிய சுடுநீர்க் கரைசல்கள் பாறை வெடிப்புகளில் ஈயத் தாதுவைப் படியவைத்தன. இங்கே ஈயம் என்று சொல்வது வெள்ளீயத்தை, காரீயத்தை அல்ல. மலை தேய்ந்து மணலாகி ஆற்றோடு இறங்கியபோது, கனமான தாது பள்ளத்தாக்குகளில் தங்கிவிட்டது. சாதாரண மணல் தண்ணீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு கனமானது. ஈயத் தாதுவோ ஏறத்தாழ 7 மடங்கு. ஈப்போவைச் சுற்றியுள்ள ஈயச் சுரங்கப் பகுதியான கிந்தா பள்ளத்தாக்கின் வரலாறு முழுவதும் இந்த எடை வேறுபாட்டில்தான் நிற்கிறது. டூலாங் தட்டில் மண்ணை இட்டு ஆற்றில் சுழற்றிய பெண்களும், பாலோங் என்ற உயரமான மரச்சரிவில் மண்குழம்பை ஓடவிட்ட சீனத் தொழிலாளர்களும், குளத்தில் மிதந்தபடி மண்ணை அள்ளும், ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள ஈயக் கப்பலை இயக்கியவர்களும் செய்த வேலை ஒன்றேதான்: இலேசானதைத் தண்ணீரில் போகவிட்டு, கனமானதைப் பிடித்துக்கொள்வது. தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் பார்வைக்கு நிற்கும் 1938-ஆம் ஆண்டுக் கப்பலைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், நூறு பக்கம் படித்து விளங்காதது அரை மணி நேரத்தில் விளங்கும். ஐரோப்பிய நிறுவனங்களின் இத்தகைய கப்பல்களில் நம்மவர்களும் உழைத்திருக்கிறார்கள் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது பேராக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. மண்ணுக்குள் தாது தீர்ந்துபோனதால் மட்டும் அவை மூடப்படவில்லை. விலை விழுந்ததால் தோண்டுவது கட்டுப்படியாகாமல் போனது. விலை உயரும்போதெல்லாம் பழைய வரைபடங்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஆய்வுக் குழுக்கள் திரும்பி வருவதற்கு இதுவே காரணம். குளியான் இந்தானில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வேலை நடக்கும் ஈயச் சுரங்கம் இன்றும் இயங்குகிறது.

நிலம் ஒருவருக்கு, கனிமம் மாநிலத்துக்கு

இதில்தான் ஊரார் பலரும் தடுமாறுகிறார்கள். பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும், அதன் அடியிலுள்ள கனிமம் மாநில அரசுக்கே உரியது என்பது 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் நிலை. ஆகவே தோட்ட நிர்வாகம் நினைத்தாலும் தன் விருப்பப்படி தாது தோண்டி விற்க முடியாது, சிறுதோட்டக்காரரும் அப்படியே. மலேசியாவில் நிலமும் கனிம உரிமையும் மாநில அதிகாரத்தில் இருப்பதால், உரிமங்களை வழங்குவது மாநில அரசு. சுரங்கம் எப்படிப் பாதுகாப்பாக நடத்தப்பட வேண்டும் என்பதைக் கூட்டரசின் 1994-ஆம் ஆண்டு கனிம மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் கனிம, புவி அறிவியல் துறை கண்காணிக்கிறது. 1903-இல் தொடங்கிய புவியியல் ஆய்வுத் துறையும் பழைய சுரங்கத் துறையும் 1999-இல் இணைந்து உருவானது அந்தத் துறை. ஈப்போவில் அதற்கு ஒரு புவியியல் அருங்காட்சியகமும் உண்டு.

குழு ஒன்று ஊருக்குள் வந்தால், அவர்கள் கையில் இருப்பது எந்த உரிமம் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். லெசென் மென்சாரி காலி என்பதும் லெசென் பெஞ்ஜெலாஜாஹான் என்பதும் தேடவும் ஆராயவும் தரப்படும் உரிமங்கள். முன்னது சிறு பரப்புக்கு, பின்னது பெரும் பரப்புக்கு. பஜாகான் மெலொம்போங் என்பதே தோண்டி எடுக்கத் தரப்படும் சுரங்கக் குத்தகை. முதல் இரண்டை வைத்துக்கொண்டு லாரி லாரியாக மண் ஏற்றுபவர் ஆய்வு செய்யவில்லை, திருட்டுச் சுரங்கம் நடத்துகிறார். அப்படி எதையும் கண்டால் லாரியின் எண்ணையும் நாளையும் குறித்துக்கொண்டு, குவாலா கங்சார் மாவட்ட நில அலுவலகத்துக்கும் ஈப்போவிலுள்ள கனிமத் துறைக்கும் எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதை நிறுவுவது கடினம். முத்திரையிட்டுப் பெற்ற கடித நகலோ எங்கும் செல்லும்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று கண்டறிதல்

ஆய்வு எப்போதும் பரந்த இடத்திலிருந்து குறுகிய இடத்தை நோக்கி நகரும். தொடக்கத்தில் இரண்டு மூன்று பேர் மட்டும் வருவார்கள். ஓடைகள் ஆற்றோடு சேரும் இடங்களில் நின்று, படிந்த மண்ணை 80 கண் சல்லடையில் சலித்து, நுண்மண்ணைக் காகிதப் பையில் கட்டி எண் எழுதுவார்கள். பக்கத்திலேயே ஒருவர் டூலாங் தட்டைச் சுழற்றிக்கொண்டிருப்பார். தட்டின் ஓரத்தில் கடைசியில் தங்கும் கருமையான கோட்டைப் பார்த்தவுடன் ஊரில் செய்தி பரவும். அந்தக் கோட்டில் பெரும்பாலும் இருப்பது இல்மனைட் போன்ற மலிவான கனமணல்தான் என்பதை நான் எத்தனையோ ஆறுகளில் கண்டிருக்கிறேன். இந்தக் கட்டத்தில் எவருக்கும் கேடு விளைவதில்லை. பிளஸ் ஆற்றின் ஓர் ஓடையில் ஒரு பை மண் எடுத்தால், அந்த ஓடைக்கு மேலே உள்ள நிலம் முழுவதன் தன்மையும் அதில் ஓரளவு தெரியும் என்பதே இம்முறையின் அடிப்படை.

ஓடை மண்ணில் நம்பிக்கை தரும் அளவு தெரிந்தால், மேலே உள்ள சரிவில் சீரான இடைவெளியில் கட்டம் போட்டுக் குச்சி நடுவார்கள். நம் கதையின் சிவப்பு நாடா இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு குச்சியிலும் கைத்துளைப்பானால் இலைமக்குக்குக் கீழே உள்ள மண்ணை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேடும் உலோகத்தை மட்டுமல்லாமல், அதோடு கூடவே வரும் வேறு தனிமங்களையும் பார்ப்பது வழக்கம். தங்கத்தைத் தேடுபவர் ஆர்செனிக் என்ற நச்சுத் தனிமத்தைக் கேட்பது அதனால்தான். குச்சியைப் பிடுங்கிப் போடாதிருப்பது நமக்கும் நல்லது. பிடுங்கினால் அவர்கள் மீண்டும் அளந்து மீண்டும் நடுவார்களே தவிர, ஆய்வு நின்றுவிடாது.

அடுத்து, நீளமான கம்பிகளை இழுத்து, இரும்புக் கம்புகளைத் தரையில் அடித்து, மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி அளக்கும் வேலை நடக்கலாம். அந்த நாட்களில் மாடுகளை அப்பக்கம் மேயவிடக் கூடாது. பிள்ளைகளையும் அனுப்பக் கூடாது. மின்சாரம் பாயும் நேரத்தை முன்கூட்டியே அறிவிக்கும்படி கேட்பது ஊராரின் உரிமை. தமிழிலும் மலாயிலும் எழுதிய அறிவிப்பைத் தோட்ட அலுவலகத்திலும் கோயில் பலகையிலும் ஒட்டச் சொல்ல வேண்டும்.

துளையிடும் இயந்திரம் வந்தால்

இதுவரை நடந்த எல்லாவற்றையும் விட இது பெரிய படி, செலவும் பெரிது. பள்ளத்தாக்கு மண்ணில் ஈயம் தேடிய காலத்தில், மேடைமேல் நின்று பல பேர் கையால் சுற்றி இறக்கும் பாங்கா துளைக்கருவி இருந்தது. இன்று கடினப் பாறையில் வைர முனை பொருத்திய குழாயைச் சுழற்றி, உருளை வடிவில் பாறையை வெட்டி மேலே எடுக்கிறார்கள். எச்-கியூ என்ற அளவில் எடுத்த உருளை 63.5 மில்லிமீட்டர் தடிமன், என்-கியூ 47.6 மில்லிமீட்டர். அவற்றை ஆழத்தின் வரிசை மாறாமல் பெட்டிகளில் அடுக்கி, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறுபாதியைச் சான்றாக வைத்துக்கொள்வார்கள். இந்தப் பெட்டிக் கொட்டகையில் உதவியாளராக வேலை செய்யும் இளைஞர் ஓராண்டில் கற்றுக்கொள்வது மிக அதிகம் என்பதால், ஊரில் ஆள் எடுக்கிறார்களா என்று முதல் நாளே விசாரிப்பது தக்கது.

துளையிடத் தண்ணீர் நிறைய வேண்டும். ஆகவே எந்த ஓடையிலிருந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு இறைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். வெளியே வரும் சேறு குழியில் தேங்குகிறதா, ஓடைக்குள் இறங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மழை பெய்த மறுநாள் காலையில் பார்ப்பது நல்லது. வேலை முடிந்ததும் துளையை எதனால் அடைக்கிறார்கள், எப்போது அடைக்கிறார்கள் என்பதை எழுதி வாங்க வேண்டும். திறந்து விடப்பட்ட துளை மேற்பரப்பு அழுக்கை நேரே நிலத்தடி நீருக்கு இறக்கும் குழாயாகிவிடும். இயந்திரத்தைக் கொண்டுசெல்லச் சரிவில் வெட்டும் மண்பாதைதான் ஆய்வுக் காலத்தில் ஆற்றைக் கலக்கும் முதல் காரணம் என்பதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். துளையைப் பற்றிக் கவலைப்படும் ஊரார் பாதையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இயந்திரம் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. கிணறும் ஓடையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்து அறிக்கை வாங்கி வைக்க வேண்டும். ஈயத் தாது உள்ள பாறைகளில் ஆர்செனிக் கலந்த கனிமங்களும் கூடவே இருப்பது உண்டு; ஆகவே ஆர்செனிக், காரீயம், மாங்கனீசு, இரும்பு, அமோனியா, கலங்கல், அமிலத்தன்மை ஆகியவற்றைக் கேட்டுச் சோதிக்கலாம். குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. முன்பு எப்படி இருந்தது என்பதற்குத் தாள் இல்லாவிட்டால், பின்னால் நேர்ந்த மாற்றத்தை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வேறொரு வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கம்பத்தில், ஓடை கலங்கிய பிறகு ஊரார் நடையாய் நடந்தார்கள். இந்த ஓடை முன்பும் இப்படித்தான் இருந்தது என்ற ஒரே பதிலை மறுக்க அவர்களிடம் ஒரு தாளும் இல்லை. அந்த முகங்களை நினைத்துத்தான் இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

எண்களை வாசித்தல்

நல்ல தரம் கிடைத்திருக்கிறது என்று செய்தி வந்தால், தரம் எவ்வளவு, எத்தனை மீட்டர் நீளத்துக்கு, எத்தனை துளைகளில் என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். தங்கத்தின் தரத்தை ஒரு டன் பாறைக்கு எத்தனை கிராம் என்று சொல்வார்கள். ஒரு பவுன் 8 கிராம். ஆகவே டன்னுக்கு 2 கிராம் உள்ள பாறையில் ஒரு பவுன் எடுக்க, கழிவோடு போவதைக் கணக்கில் சேர்க்காமலேயே 4 டன் பாறையை உடைத்து அரைக்க வேண்டும். ஈயம் 0.5 விழுக்காடு என்றால் டன்னுக்கு 5 கிலோ உலோகம். மீதி 995 கிலோவை எங்கே கொட்டுவார்கள் என்பதே அதன் அருகில் வாழப்போகும் நமக்கு முக்கியமான கேள்வி. பழைய சுரங்கப் பதிவுகளில் காத்தி, பிக்குல் என்று எழுதியிருக்கும். ஒரு காத்தி சுமார் 605 கிராம், நூறு காத்தி ஒரு பிக்குல்.

பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் தாது வளத்தை ஊகிக்கப்பட்டது, குறிப்பிடப்பட்டது, அளவிடப்பட்டது என்று மூன்று நம்பிக்கை நிலைகளில் அறிவிக்கும். ஊகிக்கப்பட்டது என்றால் துளைகள் குறைவு, அனுமானம் அதிகம் என்று பொருள். அந்த ஒரு சொல்லை நம்பிக் கடன் வாங்கி லாரி வாங்குவதும், வீட்டை அவசரப்பட்டு விற்பதும் பெரும் பிழையாகும்.

அரிய மண் தனிமங்கள் என்று சொன்னால்

இப்போது ஈயத்தை விட அதிகமாகக் காதில் விழும் பெயர், காந்தங்களும் மின்னணுக் கருவிகளும் செய்யப் பயன்படும் உலோகங்களான அரிய மண் தனிமங்கள்தான். நம் மாநிலத்தின் கெரிக் வட்டாரத்தில், கெனெரிங்கில், 2022-இல் முன்னோடித் திட்டம் தொடங்கியது. மலேசியாவில் கதிரியக்கமற்ற வகை 1 கோடியே 61 இலட்சம் டன் இருக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு. இதைப் பதப்படுத்தாமல் வெளிநாட்டுக்கு விற்பதைத் தடுக்கும் கொள்கையைப் பிரதமர் 2023 செப்டம்பரில் அறிவித்தார்.

பழைய தலைமுறைக்கு உடனே நினைவுக்கு வருவது ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேராதான். அங்கே ஈயச் சுரங்கக் கழிவான அமாங்கிலிருந்து பிரித்த மோனசைட் என்ற, அரிய மண் தனிமங்கள் அடங்கிய கனிமத்தைப் பதப்படுத்தினார்கள். மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. 1982-இல் தொடங்கிய அந்த ஆலை, மக்களின் நெடிய வழக்குக்கும் போராட்டத்துக்கும் பிறகு 1994-இல் மூடப்பட்டது. அந்த அச்சத்தை எவரும் இலேசாக எண்ணலாகாது. ஆனால் இப்போது தேடப்படுவது வேறு வகை. கருங்கல் மழையில் சிதைந்து உண்டான களிமண்ணில் ஒட்டியிருப்பது. மலைமேல் துளைகளிட்டு அமோனியம் சல்பேட் கரைசலை ஊற்றி, மண்ணுக்குள் ஊறி இறங்கும் நீரை அடிவாரத்தில் பிடித்து, அதிலிருந்து தனிமங்களைப் பிரிக்கிறார்கள். அமோனியம் சல்பேட் நமக்குப் புதியதல்ல. தோட்டத்தில் மூட்டை மூட்டையாகத் தூவிய உரம்தான். எனினும் மரத்தடியில் கைப்பிடியால் தூவுவதும் ஒரு மலைக்குள் தொடர்ந்து ஊற்றுவதும் ஒன்றாகிவிடாது. ஆகவே இந்தத் திட்டம் வரும் ஊரில் கதிரியக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், தண்ணீரைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்க வேண்டும்: ஊற்றிய கரைசலில் எத்தனை பங்கு திரும்பப் பிடிக்கப்படுகிறது, பிடிபடாதது எந்தப் பக்கம் போகிறது, கண்காணிப்புக் கிணறுகள் எங்கே, அவற்றின் அறிக்கையை ஊருக்குக் காட்டுவார்களா, வேலை முடிந்த பின் எத்தனை ஆண்டுகள் சோதிப்பார்கள், சரிவு கனமழையில் நிற்குமா என்றெல்லாம்.

குத்தகைக்கு முன் செய்து முடிக்க வேண்டியவை

தமிழ்ப்பள்ளி, கோயில், இடுகாடு ஆகிய மூன்றும் எந்த நிலத்தில் நிற்கின்றன என்று பார்ப்பதே முதல் வேலை. பல தோட்டங்களில் இவை நிர்வாகத்தின் வாய்மொழி அனுமதியில் தலைமுறைகளாக நிற்கின்றன. தனிப் பட்டா இருப்பதில்லை. நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திச் சாரியான் எனப்படும் பட்டாத் தேடலைச் செய்தால், உரிமையாளர் யார், நிலம் விவசாய வகையா, வேறு எவருக்கேனும் உரிமை பதிவாகியுள்ளதா என்பவை தெரியும். தனிப் பட்டா இல்லை என்றால், சுரங்கக் குத்தகையின் எல்லைக்கோடு வரையப்படுவதற்கு முன்பே, இம்மூன்று இடங்களையும் அளந்து பிரித்துத் தரும்படி நிர்வாகத்திடமும் மாநில அரசிடமும் பள்ளி வாரியமும் கோயில் நிர்வாகக் குழுவும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் சுரங்கத் தேவைக்காகவும் நிலத்தை எடுக்க இடமளிக்கிறது என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பிளஸ் ஆற்றின் மேல்பகுதியில் பூர்வக்குடிக் கிராமங்கள் உள்ளன. நமக்கு வரும் தண்ணீர் அவர்களைத் தாண்டித்தான் வருகிறது. அவர்களையும் கூட்டத்துக்கு அழைப்பது முறை.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு அடுத்தது. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் வந்த 2015-ஆம் ஆண்டு ஆணையின்படி, 250 ஹெக்டருக்குக் குறையாத புதிய சுரங்கங்களும், சுற்றுச்சூழல் நுண்மை வாய்ந்த இடங்களை ஒட்டியவையும் தங்கள் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பொதுமக்களின் கருத்துக்கு நாட்கள் குறைவு. அறிக்கையோ பல நூறு பக்கம் வரும். முழுவதையும் படிக்க முயன்று காலத்தை இழக்காமல், தண்ணீர், கழிவுக் குளம், லாரிப் பாதை, சுரங்கம் மூடும் திட்டம் ஆகிய நான்கு அதிகாரங்களை நான்கு பேர் பிரித்துப் படிக்கலாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளை இதில் ஈடுபடுத்தினால் அவர்களுக்கும் அது நல்ல பயிற்சி. கருத்தை எழுதும்போது எங்களுக்கு இது வேண்டாம் என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. இந்தப் பக்கத்தில் சொன்ன கழிவுக் குளம் எங்கள் பள்ளியிலிருந்து இத்தனை மீட்டரில் இருக்கிறது, வெள்ளக் காலத்தில் அதன் கரை உடைந்தால் என்ன ஏற்பாடு என்று எழுதினால், பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தோட்ட வேலை நிற்கும் நிலை வந்தால், 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆட்குறைப்பு இழப்பீடு உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறைவாக உழைத்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். சம்பளச் சீட்டுகளைப் பழைய பிஸ்கட் டின்னிலேனும் பத்திரமாக வைத்திருப்பவருக்குக் கணக்குச் சிக்கல் வராது.

வேலை வாய்ப்பைப் பொறுத்தவரை, எத்தனை பேருக்கு வேலை என்ற பொதுவான எண்ணை ஏற்றுக்கொள்ளாமல், ஆய்வுக் காலத்தில் எத்தனை, சுரங்கக் காலத்தில் எத்தனை, அதில் உள்ளூர்க்காரர் எத்தனை, என்ன தகுதிக்கு என்று பிரித்துக் கேட்க வேண்டும். படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் புவியியலும், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிபோங் தெபால் வளாகத்தில் கனிம வளப் பொறியியலும் உள்ளன.

கடைசியாகக் கேட்க வேண்டியதை முதல் கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும்: வேலை முடிந்த குழியை என்ன செய்வீர்கள், அதற்கான பணம் இப்போதே யாரிடம் ஒதுக்கப்படுகிறது. கிந்தாவில் மீன் வளர்ப்பும் தாமரைக் குளமுமாக மாறிய ஈயக்குட்டைகள் உண்டு. கம்பாரில் பழைய சுரங்க நிலத்தில் பல்கலைக்கழகமே எழுந்திருக்கிறது. வேலியும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாமல் விடப்பட்ட ஆழ்குட்டைகளில் குளிக்கப்போய்த் திரும்பாத பிள்ளைகளின் வீடுகளும் நம் மாநிலத்தில் உண்டு. பதில் கிடைத்ததும், கூட்டம் நடந்த நாள், பேசியவரின் பதவி, சொன்ன வார்த்தை ஆகியவற்றைத் தடித்த அட்டைக் குறிப்பேட்டில் எழுதி, வந்திருந்தவர்களில் மூவர் கையொப்பமிட்டு, ஒரு நகலைக் கோயில் அலுவலகத்திலும் ஒன்றைப் பள்ளியிலும் வைத்து, மூன்றாவது நகலை நிறுவனத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட வேண்டும்.